கடனில் வளர்ந்த கலைக்கூடம்: ஹெர்மிடேஜ் ஓவியங்கள் வந்த வழியும் போன வழியும்

ரஷ்யாவின் புனித பீட்டர்ஸ்பர்க் நகரில், நேவா ஆற்றங்கரையில் இருக்கும் ஹெர்மிடேஜ் அருங்காட்சியகத்தில் முப்பது லட்சத்துக்கும் அதிகமான பொருள்கள் இருக்கின்றன. தவறவிடக் கூடாதவை எவை என்று கேட்டால் எல்லாக் கையேடுகளும் ஏறக்குறைய ஒரே பட்டியலை நீட்டும். லியோனார்டோவின் பெயரில் இருக்கும் இரண்டு மடோன்னாக்கள் (குழந்தை இயேசுவுடன் மரியாள்), ரெம்பிராண்டின் ‘ஊதாரி மைந்தனின் வருகை’யும் ‘டானே’யும், ஜோர்ஜோனேயின் ‘யூதித்’, மத்தீஸின் ‘நடனம்’. பட்டியலில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் இவற்றில் ஒன்றுகூட ரஷ்யாவில் தீட்டப்பட்டதல்ல. பின் எப்படி இங்கே வந்தன என்ற கேள்விக்குக் கையேடுகள் ஒரு வரிதான் ஒதுக்குகின்றன: ‘இன்ன ஆண்டில், இன்னார் சேகரிப்பிலிருந்து பெறப்பட்டது’. அந்த ஒரு வரிக்குள் திவாலான வணிகர்கள், பணமுடையில் தவித்த வாரிசுகள், கவிழ்ந்த அரசுகள் என்று ஐரோப்பாவின் முந்நூறு ஆண்டுக் கணக்கு வழக்கே ஒளிந்திருக்கிறது. அதைத் தெரிந்துகொண்டு பார்த்தால் அந்தச் சுவர்கள் வேறு மாதிரித் தெரியும் என்பது என் எண்ணம்.

தொடக்கமே ஒரு கடன்தான். யோஹான் எர்ன்ஸ்ட் கோட்ஸ்கோவ்ஸ்கி என்ற பெர்லின் வணிகர், பிரஷ்ய மன்னர் இரண்டாம் பிரெடெரிக்குக்காக ஓவியங்களை வாங்கிச் சேர்த்துவந்தார். நடுவே ஏழாண்டுப் போர் (1756–1763) வந்தது. அது முடிந்தபோது மன்னரின் கஜானா வற்றிக் கிடந்தது. படங்களை அவர் வாங்கிக்கொள்ளவில்லை. கோட்ஸ்கோவ்ஸ்கியோ ரஷ்யப் படை விட்டுச்சென்ற தானியக் கிடங்கை வாங்கும் பேரத்தில் இறங்கி, பணம் கட்ட முடியாமல் ரஷ்ய அரசுக்கே கடனாளியாகி நின்றார். கையில் காசில்லாதவர் ஓவியங்களைக் கொடுத்துக் கணக்கை நேர் செய்தார். 1764இல் இப்படிப் பீட்டர்ஸ்பர்க் வந்து சேர்ந்த சுமார் 225 படங்களையே ஹெர்மிடேஜ் தன் பிறப்பாகக் கொள்கிறது. ஃபிரான்ஸ் ஹால்ஸ் தீட்டிய ‘கையுறை ஏந்திய இளைஞன்’ அந்த முதல் வரவில் ஒன்று.

வாங்கியவர் பேரரசி இரண்டாம் கேத்தரின். கணவர் மூன்றாம் பீட்டரைக் கவிழ்த்துவிட்டு 1762இல்தான் அரியணை ஏறியிருந்தார். ஜெர்மானியக் குறுநில அரச குடும்பத்தில் பிறந்தவர், ஆட்சிக்கு வந்த வழியும் நேரானதல்ல. ஐரோப்பிய அரசவைகள் தன்னை ஏற்க வேண்டுமென்ற கவலை அவருக்கு இருந்தது. பிரஷ்யாவால் வாங்க முடியாததை ரஷ்யா வாங்கிவிட்டது என்ற செய்தி ஒரு படை வெற்றிக்குச் சமம். கலை மீது அவருக்குப் பற்றே இல்லை என்று சொல்ல வரவில்லை. ஆனால் அவர் சேர்த்த வேகத்தைப் பார்த்தால் ரசனையைவிடப் பசிதான் முன்னால் நிற்கிறது. தன்னைப் பெருந்தீனிக்காரி என்று அவரே சொல்லிக்கொண்டதாகவும் கூறுவார்கள்.

அடுத்த பதினைந்து ஆண்டுகளில் நடந்தது இதுதான்: ஐரோப்பாவில் எந்தப் பெரிய சேகரிப்பாளர் இறந்தாலும், நொடித்தாலும், கேத்தரினின் தூதர்கள் அந்த வீட்டு வாசலில் நின்றார்கள். 1769இல் சாக்சனி நாட்டு அமைச்சராக இருந்த பிரூலின் வாரிசுகளிடமிருந்து 600க்கும் மேற்பட்ட ஓவியங்கள் வந்தன. 1772இல் பாரிஸின் குரோசா சேகரிப்பு, சுமார் 400 படங்கள், ஒரே பேரத்தில் கைமாறியது. அதற்குத் தரகு பார்த்தவர் தத்துவ அறிஞர் தீதரோ. பணமுடையில் இருந்த தீதரோவின் நூலகத்தை 1765இல் விலைக்கு வாங்கி, புத்தகங்களை அவரிடமே விட்டுவைத்து, அவற்றைப் பார்த்துக்கொள்ளச் சம்பளமும் கொடுத்தவர் கேத்தரின். அந்த நன்றிக்கடன் இங்கே பயன்பட்டது. பிரான்ஸின் செல்வம் வடக்கே போகிறதே என்று பாரிஸில் பலர் தீதரோவைக் கரித்துக்கொட்டினார்கள்.

குரோசா வரவு ஒன்று மட்டும் போதும், ஓர் அருங்காட்சியகம் பெயர் வாங்க. ஜோர்ஜோனேயின் ‘யூதித்’ அதில் வந்ததுதான். அப்போது அதை ரஃபேல் தீட்டியது என்று நம்பினார்கள். ஜோர்ஜோனே என்று தெளிவானது வெகுகாலம் கழித்து. ஏறத்தாழ 144 சென்டிமீட்டர் உயரம், அதில் பாதிகூட இல்லாத அகலம். ஏதோ அலமாரியின் கதவாக இருந்திருக்கலாம் என்று ஆய்வாளர்கள் ஊகிக்கிறார்கள். பகைத் தளபதி ஹோலோஃபெர்னஸின் தலையைத் துண்டித்துவிட்டு, அந்தத் தலைமேல் வெறுங்காலை வைத்து நிற்கிறாள் யூதித். முகத்தில் வெற்றியும் இல்லை, அருவருப்பும் இல்லை. கண்களைத் தாழ்த்தி ஏதோ யோசனையில் இருப்பவள்போல் நிற்கிறாள். பின்னால் காலை வெளிச்சம் படர்ந்த நிலவெளி. வன்முறைக் கதையை இவ்வளவு அமைதியாகச் சொன்ன படம் அந்தக் காலத்தில் வேறொன்று இருக்கிறதா என்று எனக்குச் சந்தேகம்.

வாங்கியதெல்லாம் வந்து சேர்ந்துவிடவில்லை. 1771இல் ஆம்ஸ்டர்டாமில் பிராம்காம்ப் என்பவரின் சேகரிப்பு ஏலத்துக்கு வந்தபோது கேத்தரினின் ஆட்கள் நல்ல டச்சு ஓவியங்களை எடுத்தார்கள். அவற்றை ஏற்றிக்கொண்டு கிளம்பிய ‘ஃப்ரவ் மரியா’ என்ற கப்பல் அந்த அக்டோபரில் பின்லாந்துக் கரையோரம் பாறையில் மோதி மூழ்கியது. மாலுமிகள் தப்பினார்கள், ஓவியங்கள் கடலோடு போயின. கப்பல் இருந்த இடம் 1999இல்தான் கண்டுபிடிக்கப்பட்டது. பால்டிக் கடலில் உப்பு குறைவு. மரத்தைத் துளைத்துத் தின்னும் கப்பற்புழு அங்கே பெருகுவதில்லை. அதனால் கப்பலின் உடல் பெரும்பாலும் அப்படியே இருக்கிறது. படங்களும் அப்படியே இருக்கும் என்று நம்புவது பேராசை.

இங்கிலாந்தின் கதை இன்னும் வேடிக்கையானது. அந்நாட்டின் முதல் பிரதமராகக் கருதப்படும் ராபர்ட் வால்போல், நார்ஃபோக்கில் ஹவுட்டன் ஹால் என்ற மாளிகை கட்டி, அதை ஓவியங்களால் நிரப்பினார். கூடவே கடனையும் விட்டுச் சென்றார். பேரன் ஜார்ஜ் செலவாளி. படங்களை விற்கப் போகிறார் என்ற பேச்சு எழுந்தபோது, நாடாளுமன்ற உறுப்பினர் ஜான் வில்க்ஸ் 1777இல் அவையில் எழுந்து, இவற்றை வாங்கி மக்களுக்கான காட்சிக்கூடம் அமைக்கலாம் என்றார். யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. 1779இல் 200க்கும் மேற்பட்ட ஓவியங்கள் கப்பலேறிப் பீட்டர்ஸ்பர்க் போயின. லண்டனில் தேசிய ஓவியக்கூடம் தொடங்கப்பட்டது 1824இல். தாமதத்தின் விலை என்ன என்று அறிய விரும்புகிறவர்கள் ஹெர்மிடேஜில் வான் டைக் ஓவியங்கள் இருக்கும் அறைக்குப் போகலாம். அங்குள்ள பல படங்கள் ஹவுட்டனிலிருந்து வந்தவை. 2013இல் அவற்றில் ஒரு பகுதி சில மாதங்களுக்கு மட்டும் ஹவுட்டன் ஹாலுக்குத் திரும்பி, பழைய சுவர்களிலேயே தொங்கியது. விருந்தாளிகளாக.

1796இல் கேத்தரின் இறந்தபோது சுமார் 4,000 ஓவியங்கள் சேர்ந்திருந்தன. பார்த்தவர்கள் எத்தனை பேர்? தானும் எலிகளும்தான் இவற்றை ரசிப்பதாக அவரே எழுதியதாகச் சொல்வதுண்டு. பொதுமக்களுக்குக் கதவு திறந்தது 1852இல், முதலாம் நிக்கோலஸ் காலத்தில். அதற்கென்றே ஜெர்மன் கட்டடக்கலைஞர் லியோ ஃபான் க்ளென்ஸ ‘புதிய ஹெர்மிடேஜ்’ கட்டினார். அதன் வாசல் மண்டபத்தைத் தாங்கி நிற்கும் பத்துக் கருங்கல் அட்லஸ் சிலைகள் இன்று நகரின் அடையாளம். ஆரம்பத்தில் அனுமதிச் சீட்டும் தக்க உடையும் இல்லாமல் நுழைய முடியாது. இதே நிக்கோலஸ்தான் கிடங்கைத் துப்புரவு செய்கிறேன் என்று ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஓவியங்களை 1854இல் ஏலத்தில் தள்ளியவரும். கேத்தரின் கேட்டு பிரெஞ்சு ஓவியர் ஷார்தான் தீட்டிக் கொடுத்த, கலைக் கருவிகள் அடங்கிய படம்கூட அதில் போனது. பின்னாளில் அது திரும்பி வந்தது தனிக் கதை.

லியோனார்டோவின் இரண்டு மடோன்னாக்களும் கேத்தரின் காலத்துக்குப் பிந்தியவை. ‘லித்தா மடோன்னா’ 1865இல் மிலானின் லித்தா குடும்பத்திடம் வாங்கப்பட்டது. அதை லியோனார்டோ தீட்டினாரா, அவருடைய மாணவர் போல்ட்ராஃபியோ தீட்டினாரா என்ற வழக்கு இன்னும் முடியவில்லை. வரைகோட்டின் கடினத்தைப் பார்த்தால் நான் மாணவர் பக்கம்தான் சாய்வேன். ‘பென்வா மடோன்னா’வில் அந்த ஐயம் இல்லை. ரஷ்யக் கட்டடக்கலைஞர் லியோன் பென்வாவின் மனைவி மரியாவிடம் குடும்பச் சொத்தாக இருந்தது அது. லண்டன் வணிகர் டுவீன் கூடுதல் விலை தரத் தயாராக இருந்தும், படம் ரஷ்யாவில் இருக்கட்டும் என்று 1914இல் 1,50,000 ரூபிளுக்கு, அதையும் தவணையில் பெற்றுக்கொண்டு கொடுத்தார். பல் தெரியச் சிரிக்கும் இளம் தாய். அவள் கையிலிருக்கும் சிறு பூவைப் பிடித்து, பார்வையை ஒருமுகப்படுத்தக் கற்றுக்கொள்ளும் குழந்தை. அருங்காட்சியகத்தின் முதல் வரிசைப் படங்களில் துயரமோ நெருக்கடியோ இல்லாமல் வந்த வெகுசிலவற்றில் இது ஒன்று.

சுமார் பதினைந்து ஆண்டுகள் கழித்து வரவு செலவாகத் திரும்பியது.

சோவியத் அரசின் முதல் ஐந்தாண்டுத் திட்டத்துக்கு வெளிநாட்டு இயந்திரங்கள் வேண்டும். அதற்கு அந்நியச் செலாவணி வேண்டும். விற்கக்கூடிய பொருள் எது என்று தேடியவர்களின் கண் அருங்காட்சியகத்தின் மேல் விழுந்தது. முதலில் வந்தவர் எண்ணெய் வணிகர் காலூஸ்ட் குல்பெங்கியான். ரூபன்ஸ் தீட்டிய எலேன் ஃபூர்மெனின் உருவப்படம், ரெம்பிராண்டின் ‘பல்லாஸ் அத்தேனா’, ஊதோன் செதுக்கிய டயானா சிலை ஆகியவை அவரிடம் போய், இன்று லிஸ்பனில் இருக்கின்றன. இதில் விசித்திரம் என்னவென்றால், வாங்கிய கையோடு அவரே சோவியத் அதிகாரிகளுக்கு எழுதினார்: இவற்றை விற்காதீர்கள், எனக்கும்கூட விற்காதீர்கள் என்று. மனச்சாட்சியா, போட்டியாளர்களைத் தடுக்கும் தந்திரமா என்று இன்றும் விவாதிக்கிறார்கள். இரண்டும் கலந்ததாக இருக்கலாம்.

அடுத்தவர் ஆண்ட்ரூ மெலன். அப்போது அமெரிக்காவின் நிதியமைச்சர். அவருடைய நாடு சோவியத் அரசை அங்கீகரிக்கக்கூட இல்லை. அதனால் எல்லாம் ரகசியம். நோட்லர் என்ற கலைவணிக நிறுவனம் வழியாக 1930, 1931 ஆண்டுகளில் 21 ஓவியங்களை 66 லட்சம் டாலருக்கு மேல் கொடுத்து வாங்கினார். யான் வான் ஐக்கின் ‘மங்கள வார்த்தை’, டிஷியனின் ‘கண்ணாடி முன் வீனஸ்’, போட்டிசெல்லியின் ‘ஞானிகளின் வணக்கம்’ எல்லாம் அதில் அடக்கம். ரஃபேலின் ‘ஆல்பா மடோன்னா’வுக்கு மட்டும் பதினொரு லட்சம் டாலருக்கும் மேல், அதுவரை எந்த ஓவியமும் அந்த விலைக்குப் போனதில்லை. குரோசா சேகரிப்போடு பாரிஸிலிருந்து வந்த ரஃபேலின் ‘புனித ஜார்ஜ்’ அதே வழியில் வெளியேறியது. இன்று ஹெர்மிடேஜில் ரஃபேல் படங்கள் இரண்டுதான். விற்றவை வாஷிங்டன் தேசிய ஓவியக்கூடத்தின் அடித்தளமாயின. பெரும் பொருளாதார மந்தத்தின் நடுவே, சந்தை படுத்துக் கிடந்த நேரத்தில் விற்றதால், ஒரு நாட்டைத் தொழில்மயமாக்கும் செலவுக்கு அது யானைப் பசிக்குச் சோளப்பொரியாகவே இருந்தது. கேத்தரின் மற்றவர்களின் நெருக்கடியில் எப்படி வாங்கினாரோ, அப்படியே அவருடைய நாட்டின் நெருக்கடியில் மற்றவர்கள் வாங்கினார்கள்.

விற்பனை எங்கே நின்றது என்பதும் குறிப்பிட வேண்டியது. கீழைநாட்டுப் பிரிவின் சாசானியப் பாரசீக வெள்ளிப் பாத்திரங்கள் மேல் விற்பனைத் துறை கை வைக்கப் பார்த்தபோது, அப்பிரிவைக் கட்டியெழுப்பிய அறிஞர் யோசிஃப் ஒர்பெலி 1932இல் நேராக ஸ்டாலினுக்கே கடிதம் எழுதினார். அந்தப் பிரிவைத் தொட வேண்டாம் என்று பதில் வந்தது. அந்தக் காலத்தில் அப்படி ஒரு கடிதம் எழுதத் தனித் துணிச்சல் வேண்டும். பிறகு அவரே அருங்காட்சியகத்தின் இயக்குநரானார்.

1941இல் ஜெர்மன் படையெடுப்பு தொடங்கியபோது ஒர்பெலிதான் பொறுப்பில் இருந்தார். ஜூலை மாதத்திலேயே இரண்டு ரயில்களில் பத்து லட்சத்துக்கும் அதிகமான பொருள்கள் யூரல் மலைப் பகுதியின் ஸ்வெர்த்லோவ்ஸ்க் நகருக்கு அனுப்பப்பட்டன. மூன்றாவது ரயில் கிளம்புவதற்குள் நகரைச் சுற்றி ஜெர்மன் முற்றுகை இறுகிவிட்டது. படங்களைக் கழற்றி எடுத்தவர்கள் சட்டங்களைச் சுவரிலேயே விட்டுவைத்தார்கள், திரும்ப வரும்போது இடம் தெரிய வேண்டுமே என்று. பாவெல் குப்செவ்ஸ்கி என்ற வழிகாட்டி, உதவிக்கு வந்த படைவீரர்களை அழைத்துக்கொண்டு வெற்றுச் சட்டங்களின் முன் நின்று ஒவ்வொரு படத்தையும் நினைவிலிருந்து விவரித்தார். பலமுறை சொல்லப்பட்ட கதைதான் என்றாலும் விட்டுவிட மனம் வரவில்லை.

மத்தீஸின் ‘நடனம்’ வந்த வழி இவை எல்லாவற்றிலிருந்தும் வேறுபட்டது. அதை அருங்காட்சியகம் விலை கொடுத்து வாங்கவே இல்லை. மாஸ்கோ துணி வணிகர் செர்கேய் ஷூக்கின் தன் மாளிகைப் படிக்கட்டுக்காக மத்தீஸிடம் கேட்டு வாங்கிய படம் அது. ஏறக்குறைய நான்கு மீட்டர் அகலத்தில், நீலமும் பச்சையும் மட்டுமான வெளியில் ஐந்து சிவப்பு உடல்கள் கைகோத்துச் சுழல்கின்றன. 1910இல் பாரிஸில் காட்டியபோது கேலி செய்தார்கள். 1918இல் புரட்சி அரசு ஷூக்கினின் சேகரிப்பையும் மற்றொரு மாஸ்கோ வணிகர் இவான் மொரோசோவின் சேகரிப்பையும் நாட்டுடைமையாக்கியது. இரண்டையும் இணைத்து மாஸ்கோவில் உருவான புதிய மேற்கத்தியக் கலை அருங்காட்சியகத்தை, முதலாளித்துவச் சீரழிவுக் கலை என்று சொல்லி 1948இல் கலைத்தார்கள். படங்கள் மாஸ்கோவின் புஷ்கின் அருங்காட்சியகத்துக்கும் ஹெர்மிடேஜுக்கும் பங்கு பிரிக்கப்பட்டன. காட்ட முடியாத, சுருட்டி வைக்கவே பெரிய இடம் கேட்கும், அரசியல் ஆபத்தும் உள்ள ‘நடனம்’ போன்ற படங்களை ஒர்பெலி தயங்காமல் எடுத்துக்கொண்டார். இன்று வரிசையில் நின்று பார்க்கும் படம், அன்று வேண்டாத பங்காக வந்தது.

ரெம்பிராண்ட் அறைக்கு வருவோம். கடனைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கையில் இவரை விட முடியாது. 1656இல் ஆம்ஸ்டர்டாமில் நொடித்துப்போய், வீட்டுச் சாமான் பட்டியலிட்டு விற்கப்பட்டவர். அந்தப் பட்டியலில் கிரேக்கப் புராண இளவரசி ‘டானே’யின் பெரிய படம் ஒன்று இருக்கிறது. இப்போது இங்கே தொங்குவது அதுவாகவே இருக்கலாம் என்று கருதப்படுகிறது. 1636இல் தீட்டத் தொடங்கி, சில ஆண்டுகள் கழித்து முகத்தையும் கையின் அசைவையும் மாற்றினார் என்பதை எக்ஸ்-ரே படங்கள் காட்டின. 1985 ஜூன் 15 அன்று பார்வையாளராக வந்த ஒருவர் அதைக் கத்தியால் இருமுறை கிழித்துக் கந்தக அமிலத்தை ஊற்றினார். வண்ணம் கரைந்து பழுப்புக் குழம்பாக வழிந்தது. தண்ணீர் ஊற்றிக் கழுவுவதுதான் உடனடி வழி என்று வேதியியலாளர்கள் சொல்ல, ஊழியர்கள் அதைத்தான் செய்தார்கள். செப்பனிடப் பன்னிரண்டு ஆண்டுகள் ஆயின. நடுப்பகுதியில் இழந்தது அதிகம். இழந்ததை ரெம்பிராண்டைப் போலவே புதிதாகத் தீட்டிவிடாமல், எஞ்சியதைக் காப்பாற்றி, இடைவெளிகளை அடக்கமான தீற்றல்களால் கண்ணுக்கு உறுத்தாமல் இணைத்தார்கள். 1997இல் மீண்டும் காட்சிக்கு வந்தது, இம்முறை கண்ணாடிக்குப் பின்னால். எவ்வளவு அக்கறை காட்டியும் அந்த உடலின் வெளிச்சம் மங்கிவிட்டது என்பதை மறைக்க வேண்டியதில்லை.

‘ஊதாரி மைந்தனின் வருகை’ 1766இல் பாரிஸ் தூதர் கோலித்சின் மூலம் வாங்கியது. ரெம்பிராண்டின் இறுதி ஆண்டுகளில், 1668 வாக்கில் தீட்டப்பட்டது. அந்த ஆண்டுதான் அவருடைய மகன் டைட்டஸ் இறந்தான். மண்டியிட்ட மகனின் மொட்டைத் தலை, செருப்பு கழன்ற இடது காலின் தேய்ந்த பாதம். அவன் முதுகில் படிந்த தந்தையின் இரு கைகளும் ஒன்றுபோல் இல்லை. ஒன்று அகன்று உறுதியாகப் பற்றுகிறது, மற்றது மென்மையாகத் தொடுகிறது. சுற்றி நிற்பவர்களில் யாரும் பேசவில்லை. எட்டரை அடி உயரப் படத்தில் வெளிச்சம் விழுவது மிகச் சில இடங்களில்தான்.

அதே ரெம்பிராண்டின் ‘சிலுவையிலிருந்து இறக்குதல்’ (1634) வந்த வழியோ சங்கடமானது. ஜெர்மனியின் காசல் நகர அரசவைச் சேகரிப்பிலிருந்து நெப்போலியனின் படைகள் எடுத்துச்சென்று, பேரரசி ஜோசஃபினின் மால்மேசோன் மாளிகையில் மாட்டிய படம் அது. அவர் இறந்தபின் வாரிசுகளிடமிருந்து 1815இல் முதலாம் அலெக்சாண்டர் வாங்கினார். காசல் அரசர் திரும்பக் கேட்டும் கிடைக்கவில்லை. நூற்று முப்பது ஆண்டுகள் கழித்து, 1945இல் செம்படை ஜெர்மனியிலிருந்து நேரடியாகவே ஓவியங்களைக் கொண்டுவந்தது. அழிந்துவிட்டதென்று உலகம் நம்பிய தெகாவின் ‘கொங்கோர்து சதுக்கம்’, பெர்லினின் கெர்ஸ்டன்பெர்க் என்பவரின் தனிச் சேகரிப்பைச் சேர்ந்தது, ஐம்பது ஆண்டுகள் ஹெர்மிடேஜ் கிடங்கில் இருந்துவிட்டு 1995இல்தான் காட்சிக்கு வந்தது. போரில் சோவியத் நாடு இழந்த கலைச்செல்வங்களுக்கு இது ஈடு என்பது ரஷ்யாவின் வாதம். 1998இல் அதைச் சட்டமாகவும் ஆக்கிவிட்டது. இழப்பு உண்மை. ஆனால் ஒரு நாடு செய்த அழிவுக்கு ஒரு தனிமனிதரின் சொத்து எப்படி ஈடாகும் என்ற கேள்விக்கு அந்தச் சட்டத்தில் திருப்தியான பதில் இல்லை என்றே நினைக்கிறேன்.

வந்த வழியின் நிழல் இன்றைய நடைமுறையிலும் விழுகிறது. ஷூக்கின், மொரோசோவ் படங்கள் பாரிஸுக்குக் கண்காட்சிக்குப் போகும்போது, யாரும் வழக்குப் போட்டு அவற்றைப் பறிமுதல் செய்ய முடியாது என்ற அரசு உத்தரவாதம் முதலில் வேண்டும். 2022இல் உக்ரைன் போர் தொடங்கியபோது மொரோசோவ் கண்காட்சி பாரிஸில் நடந்துகொண்டிருந்தது. ஒருசில ஓவியங்கள் தவிர மற்றவை சிறப்பு ஏற்பாட்டில் ரஷ்யா திரும்பின. அமெரிக்காவுக்கோ, ஒரு யூத நூல்தொகுப்பு குறித்த நீதிமன்றத் தீர்ப்புக்குப் பின், 2011 முதல் ரஷ்ய அரசு அருங்காட்சியகங்கள் எதையும் இரவல் கொடுப்பதில்லை. அதனால் ஹெர்மிடேஜில் எஞ்சிய இரண்டு ரஃபேல் படங்களையும் மெலன் வாங்கிய இரண்டையும் வாஷிங்டனில் ஒரே சுவரில் பார்க்கும் வாய்ப்பு இப்போதைக்கு இல்லை.